பதினோராம் எண்ணின் தோள்

பட்டுக்கோட்டை,
7 ஜூலை 2025

அன்புள்ள நெடுமாறனுக்கு,

உன் எண்ணுக்கு அடித்தால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. கிளினிக்கில் என்னோடு வேலை செய்யும் ஆமினா என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்கள ப்ளாக் பண்ணி வெச்சிருக்காங்க சார்" என்றாள். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இருந்தாலும் இன்னொருவர் வாயால் கேட்டபோது சுருக்கென்றது. அதனால்தான் தபால்.

சவூதியை, தம்மாமை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பிசியோதெரபி கிளினிக் போட்டிருக்கிறேன். முழங்கால், கழுத்து, பக்கவாதம் என்று கூட்டம் வருகிறது. இந்த ஐம்பத்து மூன்று வயதில் எனக்குக் கிறுக்குப் பிடித்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். "பேரன் எடுக்குற வயசுல ஹால் டிக்கெட்டா?" என்று ஆஷிகா கேட்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கேட்ட நியாயமான கேள்வி இதுதான்.

ஆய்வு இது. பேராவூரணிப் பக்கம் தென்னை ஏறுகிறவர்களின் தோளும் இடுப்பெலும்பும் எவ்வளவு உறுதியாக இருக்கின்றன என்று நாம் கையால் செய்து பார்க்கிறோமே, அந்தச் சோதனைகளை எவ்வளவு நம்பலாம்? ஒரே ஆளை நீ பார்த்தாலும் நான் பார்த்தாலும் ஒரே முடிவு வருமா? இன்றைக்குப் பார்த்ததுபோலவே அடுத்த வாரமும் வருமா? அவ்வளவுதான். இதற்கு இரண்டு பரிசோதகர்கள் வேண்டும். ஒருவன் நான். இன்னொருவர் இருபது வருஷத்துக்குமேல் கைவைத்து வேலை செய்தவராக இருக்கவேண்டும் என்கிறார் என் வழிகாட்டி.

இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த நல்ல கை உன்னுடையது. முகஸ்துதி என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

உனக்கு ஒரு வசதியும் இருக்கிறது. பரிசோதகர்கள் தனித்தனி அறையில் இருக்கவேண்டும், பார்த்ததைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது என்பது விதி. நீ என் முகத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை.

ஜாஃபர் சாதிக்


பூதலூர்,
15 ஜூலை 2025

ஜாஃபர்,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்க எனக்கு வரவில்லை. பொய்யாக எழுதுவதைவிட விட்டுவிடுவது மேல்.

2011-ஐ நீ மறந்திருக்கலாம். வெளிநாட்டுக்குப் போனவர்களுக்கு மறதி சுலபம். நான் இங்கேயே இருந்தவன். நாம் இருவரும் விரிவுரையாளர்களாக இருந்த கல்லூரியில் தமிழ்நிலா என்று ஒரு கபடி ஆடும் மாணவி. பல்கலைக்கழக அணிக்கு அவளை அனுப்பலாமா என்று தோளைப் பார்க்கச் சொன்னார்கள். தோள் நிலையாக இல்லை, அனுப்பக்கூடாது என்று நான் எழுதினேன். ஒரு குறையும் இல்லை என்று நீ எழுதினாய். பிரின்ஸிபால் இரண்டு தாளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உன்னுடையதன்மேல் பேனாவை வைத்தார். நான் பேசப் பேச அந்தப் பேனா நகரவில்லை. நீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். வாயைத் திறக்கவில்லை.

அடுத்தவன் வயலில் நடவு நட்ட ராசம்மாளின் மகன் அங்கே விரிவுரையாளராக இருந்ததே பலருக்கு உறுத்தல். உன் கையெழுத்து அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. நான் வேலையை விட்டேன். நீ விமானம் ஏறினாய். அம்மா இறந்தபோது, அவள் கையால் அத்தனை நாள் சாப்பிட்ட நீ, வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது நான் இருப்பது பூதலூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரில் ஓர் அறை. நடுவில் தட்டி வைத்து மறைத்திருக்கிறேன். முன்னால் நோயாளிகள், பின்னால் நான். மூன்று மணிக்குமேல் முன்னாலும் யாரும் இல்லை. மகள் எழில்மொழி ஹைதராபாத்தில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். அவள் அம்மாவும் அங்கேயே தங்கிவிட்டாள். போனை அவளிடம் கொடுக்கட்டுமா என்று மகள் இப்போதெல்லாம் கேட்பதில்லை. இதை உன் இரக்கத்துக்காக எழுதவில்லை. எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை, அதனால் உன் தேதிகளுக்கு வரமுடியும் என்று தெரிவிக்கவே எழுதுகிறேன்.

ஆம், வருகிறேன். உனக்காக இல்லை. இரண்டு கைகளில் எதை நம்பலாம் என்று யாராவது ஒருநாள் முறையாகக் கணக்கெடுக்கவேண்டும் என்று பதினாலு வருஷமாகக் காத்திருக்கிறேன். நீயே வந்து எடுக்கிறேன் என்கிறாய். எடு.

என் அறைக்குத் தனி வாசல் வேண்டும். உன்னோடு டீ குடிக்கமாட்டேன். மாப்ளே என்று கூப்பிடாதே.

நெடுமாறன்


பட்டுக்கோட்டை,
21 ஜூலை 2025

நெடுமாறன்,

எல்லாவற்றுக்கும் சரி.

ஆகஸ்ட் 10, 17, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். பேராவூரணியில் மரம் ஏறுகிறவர்கள் சங்கத்தின் மட்டை உரிக்கும் கொட்டகையைக் கொடுத்திருக்கிறார்கள். நடுவில் தகரம் அடித்து இரண்டாக்கியிருக்கிறேன். உனக்குக் கிழக்கு வாசல். ஆட்களுக்கு ஆமினா எண் எழுதிய அட்டை கொடுப்பாள். பெயர், வயது, இதற்கு முன் அடிபட்டதா, எதுவும் நாம் கேட்கக்கூடாது. கேட்டால் நம் கை அந்தப் பதிலைத் தேடிப்போகும். பாதிப்பேர் முதலில் உன்னிடம் வருவார்கள், பாதிப்பேர் என்னிடம். நடுவில் அரைமணி ஓய்வு.

முடிவு யார் கைக்கும் போகாது, யாருக்கும் வேலை போகாது என்று சங்கத்தில் மூன்று தடவை பேசிவிட்டேன். தலையாட்டுகிறார்கள். நம்பினார்களா என்று தெரியவில்லை. பார்த்துவிட்டு எதுவும் தடுக்காமல் விடுகிற சோதனையை அவர்கள் இதுவரை கண்டதில்லை.

உன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். இப்போது பதில் எழுதினால் நீ வராமல் போய்விடுவாய். பிறகு எழுதுகிறேன்.

ஜாஃபர்


பூதலூர்,
11 ஆகஸ்ட் 2025

ஜாஃபர்,

நேற்றைய ஏற்பாடு பற்றிச் சில குறைகள். பார்த்ததைப் பற்றிப் பேசக்கூடாது என்பது விதி. குறைகளைப் பற்றிப் பேசலாம்.

முதலாவது, உன் சத்தம். தகரத்துக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்து சாயங்காலம்வரை சிரிப்பு. ஆட்களிடம் சொல்லவேண்டிய வாக்கியங்களை நீயே எழுதி அச்சடித்துக் கொடுத்திருக்கிறாய். மல்லாந்து படுங்கள். கையைத் தளர விடுங்கள். காலை ஒரு சாண் தூக்குங்கள். ஒற்றைக்காலில் நில்லுங்கள். இவ்வளவுதான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஒருவனிடம் அவன் ஊர்த் திருவிழாவைப் பற்றி விசாரித்தாய். நான் அச்சடித்ததைத் தவிர ஒரு சொல் சொல்லவில்லை. ஒரே ஓர் இடம் தவிர. அதற்கு வருகிறேன்.

இரண்டாவது, என்னிடம் வந்தவர்கள் உன் பக்கத்துச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார்கள். ஒருவன் அட்டையைப் பார்த்துவிட்டு, "எனக்கு அந்த ரூம் இல்லையா சார்?" என்று கேட்டான். அரைமணி கழித்து அங்கேதான் போகப்போகிறாய் என்று சொன்னேன். நிம்மதியாகப் படுத்தான். நான் ஊசி போடுகிறவனைப்போல நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாவது, பதினோராம் எண். படுக்கவைத்து, வலது கையைப் பக்கவாட்டில் விரித்து, முழங்கையை மடக்கி, மெல்லப் பின்னால் சாய்த்தேன். பாதிகூடப் போகவில்லை. வலியைக் கணக்கில் எடுக்கக்கூடாது, கழன்றுவிடுமோ என்று முகத்தில் வரும் பயத்தைத்தான் எடுக்கவேண்டும் என்று நாம் இருவரும் ஒரே வகுப்பில் படித்தோம். அவன் முகத்தில் வந்தது பயம். வலி இல்லை. என் கட்டைவிரலுக்கு அடியில் எலும்பு முன்னால் நகர்ந்து நின்றது. இன்னும் ஒரு விரல்கடை போயிருந்தால் அங்கேயே கழன்றிருக்கும்.

கையைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, இந்தக் கையோடு மரம் ஏறாதே என்று சொன்னேன். சொல்லக்கூடாது என்பது உன் விதி. என் கட்டைவிரல் கண்டதை உன் விதிக்காக நான் விழுங்கமுடியாது. அவன் சட்டையை எடுத்துக்கொண்டு போனான். உன் அறைக்குத்தான் போயிருப்பான். நீ பார்த்திருப்பாய். என்ன கண்டாய் என்று கேட்கமாட்டேன். கணக்கு வரட்டும்.

திரும்பும்போது கூட்டத்தில் தஞ்சாவூர்வரை நின்றுகொண்டே வந்தேன். ஒரு நாளில் இத்தனை மனிதர்களைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. கையில் அவர்கள் உடம்பின் எண்ணெய் வாசனை. அறைக்கு வந்தும் உடனே கழுவத் தோன்றவில்லை.

நெடுமாறன்


பட்டுக்கோட்டை,
1 செப்டம்பர் 2025

நெடுமாறன்,

கணக்கு வந்துவிட்டது. இனி பேசலாம். நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் நல்லதை எழுதுகிறேன். இடுப்பெலும்புச் சோதனைகளில் நானும் நீயும் ஏறக்குறைய ஒன்று. படுத்துக் காலைத் தூக்கச்சொல்லி, இரண்டு பக்கமும் இடுப்பைக் கையால் அழுத்திப்பிடித்தால் சுலபமாகிறதா என்று பார்த்தோமே, அதில் எங்கோ ஓர் இடத்தில்தான் வேறுபாடு. ஒற்றைக்கால் நிற்பதிலும் அப்படியே. கண்ணை மூடிக்கொண்டு ஆம், இல்லை என்று சொன்னாலே தற்செயலாக ஒத்துப்போகிற பங்கையும் கழித்துவிட்டுச் சொல்கிறேன். வழிகாட்டி சந்தோஷப்பட்டார்.

தோளில் அப்படி இல்லை. மோசம். ஆனால் நீ உன்னோடு ஒத்துப்போகிறாய். முதல் வாரம் கண்டதையே இரண்டாம் வாரமும் கண்டிருக்கிறாய். நானும் என்னோடு ஒத்துப்போகிறேன். நாம் ஒருவரோடு ஒருவர்தான் ஒத்துப்போகவில்லை. வேறுபாடும் ஒரே திசையில்தான். பயம் இருக்கிறது என்று நீ எழுதிய பல இடங்களில் நான் இல்லை என்று எழுதியிருக்கிறேன். எதிர்த்திசையில் ஒன்றுகூட இல்லை.

எனக்குத் தோன்றுவதை எழுதட்டுமா? கோபப்படாதே. அந்தச் சோதனை முகத்திலுள்ள பயத்தைப் பார்ப்பது. அவர்கள் உன் அறையில் பயப்படுகிறார்கள். தோளுக்காக மட்டும் இல்லை. நீ குனிந்து பார்க்கும் விதம் அப்படி. நான் வளவளவென்று பேசிக் கொஞ்சம் மறக்கவைத்துவிடுகிறேன். அதுவும் தப்புதான், உண்மையான பயத்தையும் சேர்த்து நான் மறைத்திருப்பேன். இரண்டு பேருமே சோதனையைக் கெடுத்திருக்கிறோம், ஆளுக்கு ஒரு விதமாக.

தமிழ்நிலா இப்போது இங்கே போலீஸில் இருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு முனையில் நிற்பாள். கல்லூரி முடிந்தும் பல வருஷம் ஆடியிருக்கிறாள். தோளில் ஒன்றும் வரவில்லை. போன மாதம் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்தக் கோவக்கார சார் கைய வெச்சாலே எனக்கு அல்லு விட்டுடும் சார்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உன்னை விசாரித்தாள்.

உன் பதினோராம் எண்ணில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் அவன் வரவில்லை. நீ ஏறாதே என்று சொன்னதால் இருக்கலாம்.

ஜாஃபர்


பூதலூர்,
6 செப்டம்பர் 2025

ஜாஃபர்,

பிரமாதம். நான் தொட்டால் நோய், நீ தொட்டால் குணம். இதற்கு முனைவர் பட்டம் கொடுப்பார்கள் என்றால் வாங்கிக்கொள்.

பதினாலு வருஷத்துக்கு முன் நீ வாயைத் திறந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாய் என்று இப்போது தெரிகிறது. நெடுமாறன் கை நல்ல கைதான், ஆனால் முகம் சரியில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லவேண்டியதை, என்னை இரண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நிற்கவைத்து, கணக்குப்போட்டுச் சொல்லியிருக்கிறாய்.

அந்தப் பெண் நன்றாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம். நீ நம்பமாட்டாய். அவள் தோள் கழன்றுவிட்டது என்று யாராவது வந்து சொல்வார்களா என்று சில வருஷங்கள் காத்திருந்தேன் என்பதும் உண்மை. மனிதன் அவ்வளவுதான். மற்றவர்களின் விஷயத்தில் உன் விளக்கத்தை வைத்துக்கொள். என் முகம் எனக்குத் தெரியும். காலையில் சவரம் செய்யும்போது பார்க்கிறேன். அன்றைக்கு அதைப் பார்க்கிற ஒரே ஆள் பெரும்பாலும் நான்தான்.

ஆனால் பதினோராம் எண்ணை விடமாட்டேன். மற்றவர்களிடம் நான் பார்த்தது முகம். அவனிடம் என் கட்டைவிரல் பார்த்தது எலும்பு. எலும்பு என்னைப் பார்த்துப் பயந்து நகராது. அரைமணிக்குள் அந்தத் தோள் உன் கையில் திடமாகியிருக்க வழியே இல்லை. ஒன்று உன் கை மரத்துவிட்டது, இல்லையென்றால் அரட்டையில் நீ சரியாகவே பார்க்கவில்லை. அவனைப் பார்த்தபோது என்ன செய்தாய், என்ன கண்டாய், ஒவ்வொன்றாக எழுது. அவன் எப்படிப் படுத்தான் என்பதிலிருந்து எழுது. மழுப்பாதே.

நெடுமாறன்


பட்டுக்கோட்டை,
11 செப்டம்பர் 2025

நெடுமாறன்,

மழுப்பவில்லை. எழுதுகிறேன்.

பதினோராம் எண் சிரித்துக்கொண்டே வந்தான். கட்டிலில் ஏறும்போது, "நேரா படுக்கணுமா, குப்புறவா?" என்று கேட்டான். வலது கையை விரித்துப் பின்னால் சாய்த்தேன், கடைசிவரை போயிற்று. முகம் மாறவில்லை. முன்பக்கமாக அழுத்தித் தள்ளிப் பார்த்தேன். எலும்பு அசையவில்லை. நல்ல திடமான தோள். ஒற்றைக்காலில் நிற்கும்போது மட்டும் கொஞ்சம் தள்ளாடினான், அதையும் எழுதியிருக்கிறேன். ஏறப் பழகி ரொம்ப நாள் ஆகியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வயதுகூட இராது. நெஞ்செல்லாம் வழவழவென்று இருந்தது. கேட்டிருப்பேன். கேட்கக்கூடாது என்று விதி போட்டவனே நான்.

இவ்வளவுதான். என் கை மரத்துவிட்டதா என்று நானும் ராத்திரியெல்லாம் யோசித்தேன். ஆஷிகாவின் தோளைப் பிடித்துப் பார்த்தேன். "ஆராய்ச்சியெல்லாம் கிளினிக்கோட வெச்சுக்குங்க" என்று தள்ளிவிட்டாள்.

இன்னொன்று எழுதவேண்டும் என்று சொல்லியிருந்தேன். அம்மா இறந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. காரியம் நடக்கிற அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தேன். நேரே உன் தெருவுக்கு வந்தேன். பந்தலுக்குக் கீழே நீ நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்தாய். கையிலிருந்த நாற்காலியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாய். நான் ரொம்ப நேரம் நின்றேன். பிறகு மிச்ச நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டுப் போனேன். அடுத்த நாள் அவற்றை யார் மடக்கினார்கள் என்று நீ யோசித்தாயா?

பிரின்ஸிபால் அறையில் நான் பேசாமல் இருந்தது தப்பு. ஆனால் என்ன பேசியிருக்கவேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நான் கண்டதைத்தான் எழுதினேன். நீயும் அப்படித்தான்.

இனி நீ எழுதினால் படிப்பேன். நானாக எழுதமாட்டேன். களைத்துவிட்டேன்.

ஜாஃபர்


பேராவூரணி,
16 செப்டம்பர் 2025

ஜாஃபர்,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. வழவழப்பான நெஞ்சு என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன்.

நான் பார்த்த பதினோராம் எண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். தலை முழுக்க நரை. மரத்தைக் கட்டிக் கட்டி நடு நெஞ்சில் தோல் கறுத்துக் காய்த்துப்போயிருந்தது. வலது முன்கையில் 'அம்சம்' என்று பச்சை குத்தியிருந்தான். ஒரே தோளுக்காக நாம் ஒரு மாதம் சண்டை போட்டோம். அது இரண்டு ஆட்களின் தோள்.

முதலில் வந்தது சந்தோஷம். ஒளிக்கவில்லை. என் கை தவறவில்லை. உடனே யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. தட்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. வெளியே வந்து பார்த்தேன்; பிளாட்பாரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்தத் தோளை வைத்துக்கொண்டு அவன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறான்.

இன்று காலை கிளம்பினேன். பட்டுக்கோட்டையில் பஸ் மாறும்போது உன் போர்டு தெரிந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பேராவூரணிக் கொட்டகையில் பச்சை குத்திய பெயரைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். ரெத்தினம் என்று பெயர் சொல்லி, ரயில் பாதைக்கு அப்பாலுள்ள தோப்புக்கு வழிகாட்டினார்கள்.

அவன் மேலே இருந்தான். கஜா புயலில் தப்பித்த பழைய மரம், நல்ல உயரம். கீழே அவன் மனைவி அம்சம் காய்களைப் பொறுக்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட வாயைத் திறந்ததும் கையை நீட்டித் தடுத்தாள். மேலே இருப்பவனைக் கீழேயிருந்து கூப்பிடக்கூடாதாம். அவன் இறங்கும்வரை இருவரும் பேசாமல் நின்றோம். அவன் வலது கையை எட்டி நீட்டிய ஒவ்வொரு முறையும் என் கட்டைவிரல் தானாக மடங்கியது.

இறங்கியதும் என்னை அடையாளம் கண்டுகொண்டான். மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டு நின்றான். அடுத்த அறைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். லோடு ஆட்டோ ஓட்டுகிற மச்சானிடம் அட்டையைக் கொடுத்து அனுப்பியதை ஒளிக்காமல் சொன்னான்.

"நீங்க ஏறாதேன்னுட்டீங்க. அந்த பாய் சாரும் சொல்லிட்டா ரெண்டு பேரு சொன்னதாயிடும் சார். ஒருத்தர் மட்டும் சொன்னா, அவரு ஏதோ கோவத்துல சொல்லிட்டாருன்னு வெச்சுக்கலாம்."

அப்புறம், நீ கேட்கக்கூடாது என்று சொன்ன கேள்வியைக் கேட்டேன். இதற்கு முன் கழன்றிருக்கிறதா? அவன் அம்சத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ரெண்டு தடவ."

"எங்கே?"

"மேலதான் சார். காலால மரத்த நல்லாக் கவ்விக்கிட்டுக் கையத் தொங்க விட்டேன். கொஞ்ச நேரத்துல உள்ள போயிருச்சு. மிச்சக் கொலையையும் வெட்டிட்டுத்தான் எறங்குனேன்."

படித்த நாம் இரண்டு பேர், தகரம் அடித்து, அட்டை எழுதி, கணக்குப்போட்டு, ஒரு மாதம் சண்டை போட்டோம். ஒரு கேள்வியில் முடிந்திருக்கும்.

அம்சத்துக்கு அது தெரியாது. கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். "சுளுக்குன்னு சொல்லித்தானே எண்ண தேய்க்கச் சொன்ன?" என்றாள். "வந்தவருகிட்ட சொல்லத் தெரியுது. தெனம் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிறவகிட்ட சொல்லத் தெரியல" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னிடம் அப்படிப் பேச ஒருத்திக்கு ஒரு காலத்தில் உரிமை இருந்தது.

மறுபடியும் சொன்னேன். ஏறாதே, தஞ்சாவூருக்கு வா, பெரிய டாக்டரிடம் நானே கூட வருகிறேன் என்றேன். நாளைக் காலையில் பக்கத்துத் தோப்பில் வெட்டுக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறானாம். அதுவும் பழைய மரங்கள். வேறு ஆள் கிடையாது. கடைசியில் சொன்னான்:

"ரெண்டு பேரும் சேந்து வந்து சொல்லுங்க சார், கேட்டுக்கிறேன். அந்த பாய் சார் என் கையப் பாக்கவே இல்லியே. பாத்துட்டுச் சொல்லட்டும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவையும் என் ஒரு கை போதவில்லை. வழக்கம்போல எழுந்து வந்திருப்பேன். ஆனால் எதிரே நின்றவன் பிரின்ஸிபால் இல்லை. விழப்போகிறவன். என்னைக் கண்டதிலிருந்தே அவன் தோளை ஒடுக்கிக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். நீ எழுதியதில் ஒரு பங்கு உண்மை இருக்கலாம்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தபாலில் போட்டால் உனக்கு வெள்ளிக்கிழமை வரும். அவன் நாளைக் காலையில் ஏறுகிறான். போனை எடுத்து உன் எண்ணைத் திறந்தேன். உன் குரலைக் கேட்டால் நான் ரெத்தினத்தைப் பற்றிப் பேசமாட்டேன், 2011-ஐப் பற்றித்தான் பேசுவேன். எனக்கு என்னைத் தெரியும். போனை உள்ளே வைத்துவிட்டேன்.

ஆகவே இதை நானே கொண்டுவருகிறேன். ஆமினாவிடம் கொடுத்து உள்ளே அனுப்புவேன். நீ இதைப் படிக்கும்போது நான் வெளியே உன் நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

சமாதானம் பேச வரவில்லை. கட்டிப்பிடிக்காதே. நாற்காலிகளை மாமன் மகன் மடக்கினான் என்று இதுவரை நினைத்திருந்தேன். அதைப் பற்றி இன்றைக்கு எதுவும் கேட்காதே. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வா. இரண்டாவது ஹெல்மெட் இருந்தால் எடுத்துவா. இருட்டுவதற்குள் பேராவூரணி போய்விடலாம். நாம் வரும்வரை அவனை வீட்டைவிட்டு நகரவிடமாட்டேன் என்று அம்சம் சொல்லியிருக்கிறாள். காத்திருக்கும் உன் நோயாளிகள் முணுமுணுத்தால் நான் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன். அதற்காவது இந்த முகம் உதவட்டும்.

நெடுமாறன்